நின்றிருந்த கார் ஓடிய தூரம்

ஜூன் 3

தங்கச்சிக்கு,

பதினோரு வருடத்தில் இருபத்தோராயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய ஒரு காரின் பிரேக் பெடல் ரப்பர் எப்படி மொழுமொழுவென்று தேய்ந்துபோகும்? நேற்று போனில் நீ கேட்டது இதைத்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னதும் நீ அழ ஆரம்பித்தாய், நான் போனை வைத்துவிட்டேன். மறுபடி பேசினாலும் அதேதான் நடக்கும். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து கல்லூரி நாலு கிலோமீட்டர். போக வர எட்டு. வகுப்பு உள்ள நாட்கள் வருடத்துக்கு இருநூறுக்கும் கொஞ்சம் குறைவு. அதோடு கடை, வங்கி, பல் டாக்டர். பெருக்கிப் பார், மீட்டர் காட்டுவதற்குப் பக்கத்தில் வரும். நான் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். இவ்வளவு சின்னக் கணக்கில் தப்பு விட மாட்டேன்.

வண்டியை விற்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து ஒன்று புரிகிறது. ஒரு லட்சம் ஓடிய வண்டி என்றால் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். இருபதாயிரம் ஓடிய வண்டி என்றால் விற்கிறவளையே ஏற இறங்கப் பார்க்கிறார்கள். எங்கள் டிபார்ட்மெண்டில் எதிர் மேஜைக்காரர் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: "ரொம்ப கம்மியா இருக்கு மேடம். ஒரு முப்பதாயிரம் சேர்த்துச் சொல்லுங்க, அப்பதான் நம்புவாங்க." நம்ப வைப்பதற்காகப் பொய் சொல்லச் சொன்னவரை என்ன செய்வது என்று தெரியாமல், விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.

வெளியாளிடம் விற்க எனக்கு மனமில்லை. அடுத்த மாதம் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே குடிபோகிறேன், கார் தேவைப்படாது. நீ ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாய். போன மாதம் மழையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதை மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் உனக்கென்று பாதி விலை சொன்னேன்.

மாப்பிள்ளை அன்று காரை ஒரே ஒரு தடவைதான் சுற்றி வந்தார். பட்டறை வைத்திருக்கிறவர், கீழே படுத்துப் பார்ப்பார், நாலு இடத்தில் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பானெட்டைத் திறக்கவேயில்லை. கிளம்பும்போது என்னிடம் மட்டும், "மெதுவா ஓட்டுங்க அண்ணி" என்றார். அது குத்தல் பேச்சு என்று மறுநாள் நீ போன் செய்த பிறகுதான் தெரிந்தது. நான் மீட்டரைத் திருப்பி வைத்து, சொந்தத் தங்கை தலையில் வண்டியைக் கட்டப் பார்க்கிறேனாம்.

நான் திருப்பவில்லை. இதற்கு மேல் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்துக்கும் போகவில்லை என்பதற்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

அக்கா


ஜூன் 8

அக்கா,

உன் கடிதம் வந்தது. கல்லூரி நோட்டீஸ் போர்டைப் படித்த மாதிரி இருந்தது. என் முழங்கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். ஆறிவிட்டது.

நான் உன்னைத் திருடி என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார். உன் காரை வாங்கலாம் என்று நான் ஆசைப்பட ஆரம்பித்ததிலிருந்தே இவர் பிடி கொடுக்கவில்லை. ஒரு வாரம் பட்டறையில் வேலை என்றார். அடுத்த வாரம் முதுகு வலி என்றார். "உங்க முதுகுக்கு வைத்தியம் பார்க்கறவளே நான்தான், கிளம்புங்க" என்று இழுத்துக்கொண்டு வந்தேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்த வண்டி வேணாம்."

"ஏன்? பளபளன்னுதானே இருக்கு?"

"மீட்டர்ல இருக்கறது அது ஓடின தூரம் இல்ல. பெடலைப் பார்த்தியா? மொட்டையா இருக்கு."

"அக்கா எதுக்குங்க மீட்டரைத் திருப்பறா?"

"யாரு திருப்பினாங்கன்னு நான் சொன்னேனா? வேணாம்னா வேணாம். அண்ணிகிட்ட இதைக் கேக்காதே."

கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருப்பேனா? உன் தங்கைதானே நான்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. சின்ன வயதிலிருந்து வீட்டில் உனக்கு இன்ஸ்பெக்டர் என்றுதான் பேர். கடைக்குப் போய் வந்தால் மீதிச் சில்லறையை எண்ணுவாய். நான் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்பாய். இவரை நான் கட்டிக்கொள்கிறேன் என்றபோது அவர் வேலை பார்த்த பட்டறைக்கே போய் முதலாளியிடம் விசாரித்துவிட்டு வந்தவள் நீ. இவருக்கு அது தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. நீ சந்தேகப்பட்டால் அதற்குப் பேர் புத்திசாலித்தனம். நாங்கள் ஒரு தடவை சந்தேகப்பட்டால் உனக்கு அவமானம். அப்படித்தானே?

அடுத்த மாதத்திலிருந்து ஊருக்கு வெளியே ஐந்து வீடுகள் ஒத்துக்கொண்டிருக்கிறேன். லாரி போகிற சாலை. ஸ்கூட்டரில் போக எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உன் காருக்கு அவ்வளவு ஆசைப்பட்டேன். வேறு ஒன்றுமில்லை.

தங்கச்சி


ஜூன் 13

தங்கச்சிக்கு,

முழங்கை ஆறியதில் சந்தோஷம். கேட்காதது தப்புதான்.

சனிக்கிழமை காரைப் பழைய கார் வாங்கி விற்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். விற்பதற்கு இல்லை. சம்பந்தமில்லாத ஒரு ஆள் என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டும். கடை முதலாளி வாசனைத் திரவியத்தைக் குடத்தோடு கவிழ்த்துக்கொண்ட மாதிரி ஒரு ஆள். கையில் இரண்டு போன், இரண்டிலும் பொய்.

"என்ன மேடம், எவ்ளோ ஓடியிருக்கு?"

"இருபத்தோராயிரம்."

"யார் ஓட்டினது?"

"நான் மட்டும்தான். கல்லூரியில் வேலை."

அவர் திரும்பி உள்ளே இருந்த கூட்டாளியைக் கூப்பிட்டார். "அண்ணே, இன்னொரு டீச்சர் வண்டி வந்திருக்கு!" பிறகு என்னிடம், "தப்பா நினைக்காதீங்க மேடம். இங்க நிக்கிற முப்பது வண்டியும் டீச்சர் ஓட்டினதுதான். நாங்களே அப்படித்தான் சொல்லி விக்கறோம். ஊர்ல டாக்சி ஓட்டினவன் ஒருத்தன்கூட வண்டியை வித்ததேயில்ல."

கதவைத் திறந்து பெடலைப் பார்த்தார், ஸ்டியரிங்கைத் தடவினார், இரண்டு முறை இன்ஜினைப் போட்டு அணைத்தார். "ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருக்காது. அதுக்குத் தகுந்த விலைதான் தருவேன். இருபத்தோராயிரம் ஓடின வண்டிக்குக் கிடைக்கிற விலையில மூணுல ஒரு பங்கு."

"மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்கிறீர்களா?"

பானெட்டுக்குள் தலையை விட்டு எதையோ நோண்டினார். "திருப்பல. திருப்பியிருந்தா இங்க இந்தக் கதை இருக்காது. பாருங்க, மீட்டருக்குப் போற வயர் இது. இந்தக் கிளிப் எத்தனை தடவை கழட்டி மாட்டினதோ, பல்லே இல்ல. கழட்டிட்டா வண்டி ஓடும், மீட்டர் தூங்கும்." நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிட்டுச் செஞ்சாங்களா, சொல்லாம செஞ்சாங்களா?"

விலையை அடிக்க இந்த ஆள் எதையும் சொல்வார் என்பதால் நான் அதை நம்பவில்லை. வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியபின் இறங்கப் போனவள், இறங்காமல் பின்பக்கக் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. நீ ஏறினாலும் முன்னால்தான் உட்காருவாய். பின்சீட்டில் என் கைப்பையும் விடைத்தாள் கட்டும் தவிர எதுவும் பயணம் செய்ததில்லை.

சீட் இரண்டு பக்கமும் குழிந்திருக்கிறது. முன்சீட்டுகளின் முதுகில், முழங்கால் படுகிற உயரத்தில், துணி நிறம் வெளுத்திருக்கிறது. ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியில் ஒரு பக்கம் ஆட்டம். இதையெல்லாம் விடைத்தாள் கட்டு செய்யாது.

சீட் உறை போட்டுக்கொடுத்தது மாப்பிள்ளை. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. நானோ இத்தனை வருடம் உறையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு கேள்வி. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் இந்த ஊரில் இருந்த எட்டு வருடமும், ஒவ்வொரு பெரிய விடுமுறைக்கும் நான் விடைத்தாள் திருத்த வெளியூர் போனபோது, சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அந்த இரண்டு இரண்டு மாதமும் கார் எங்கே நின்றது?

அக்கா


ஜூன் 16

அக்கா,

எங்கே நின்றதா? அப்போது இவர் வேலை பார்த்த பட்டறையில் நின்றது. வேறு எங்கே நிற்கும்? எங்கள் வாடகை வீட்டு வாசலில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை, உனக்குத் தெரியாதா?

வருஷா வருஷம் உனக்காக ஆயில் மாற்றி, கழுவித் துடைத்து வைத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. டயர் காய்ந்து வெடித்துவிட்டது என்று சொந்தச் செலவில் நாலு டயர் போட்டுக் கொடுத்தார். அப்போது நீ அதிசயமாக அவரைப் பாராட்டினாய். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். இப்போது ஒரு வெளியாள் வயரைக் காட்டினான், நீ என் புருஷனைக் காட்டுகிறாய். நேராக எழுதேன். "உன் வீட்டுக்காரர் திருடன்" என்று மூன்றே வார்த்தைதான். எதற்கு இத்தனை முழங்காலும் கைப்பிடியும்?

அவரிடமே கேட்டேன், இன்றைக்குக் காலையில். "அக்கா காரை விடுமுறைல யாராவது எடுத்தாங்களா?" என்று. கோபப்படுவார் என்று பார்த்தேன். சிரித்தார். "இன்ஸ்பெக்டர் விசாரணை ஆரம்பிச்சாச்சா?" என்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்து பேசாமல் சாப்பிட்டார். அவமானத்தில் பேசவில்லை. நீதான் காரணம்.

உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். எனக்காக வேறு ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறார். உன்னுடையதைவிட விலை ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்து வேலை செய்து அடைத்துவிடுவேன் என்கிறார். "அண்ணி சும்மா குடுத்தாக்கூட நீ அந்த வண்டியில ஏறக் கூடாது, சத்தியம் பண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவ்வளவு ரோஷம் அவருக்கு. உன் தயவு எங்களுக்கு வேண்டாம்.

தங்கச்சி


ஜூன் 21

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன்.

கார் விஷயத்தை இதோடு விட்டுவிடலாம். நன்றாக யோசித்துப் பார்த்ததில் கோளாறு என் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வாங்கிய புதிதிலேயே மீட்டர் சரியில்லாமல் இருந்திருக்கலாம், நான் கவனித்திருக்க மாட்டேன். நடுவில் நான் எங்கெங்கோ போயும் இருக்கலாம், எல்லாமா நினைவிருக்கும்? பின்சீட் வெயிலில் வெளுத்திருக்கும். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டது தப்பு. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்.

அவர் பார்த்து வைத்திருக்கிற வண்டியை வாங்கிக்கொள். அவர் ஏறாதே என்றால் ஏறாதே. அந்த ஒரு பேச்சைக் கேள்.

இந்த வண்டியை நான் கடைக்காரரிடமே தள்ளிவிடுகிறேன்.

அக்கா


ஜூன் 26

அக்கா,

கோளாறு உன் பக்கமா?

நாற்பத்தோரு வருடமாக நான் உன் தங்கை. இந்த வாக்கியத்தை நீ சொல்லி நான் கேட்டதில்லை. "எங்கெங்கோ போயும் இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். எந்த வருடம் எந்தக் கடையில் குடை வாங்கினாய் என்று சொல்லுகிறவள் நீ. மேஜையில் வைத்து அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டி எழுதியிருந்தால் நிம்மதியாகக் கிழித்துப் போட்டிருப்பேன். நீ விட்டுக்கொடுத்ததும் கிழிக்க முடியவில்லை.

அதை இவரிடம் கொடுத்தேன். படியுங்கள் என்று மட்டும் சொன்னேன். கையில் கிரீஸ், அதைத் துடைக்காமலே வாங்கிப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

"உங்க அக்கா கண்டுபிடிச்சிட்டாங்க."

"என்னத்தை?"

"என்னைத்தான்."

அப்புறம் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். முதல் வருடம் பட்டறைக்கு வாடிக்கையாக வருகிற ஒருத்தரின் கார் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தாராம். அந்த ஆளுக்கு அம்மாவை அவசரமாக வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உன் கார் சும்மா நின்றது. "நின்னா பேட்டரி போயிடும்னுதான் முதல்ல நினைச்சேன்" என்கிறார். பேட்டரிக்காக எத்தனை ஊர் போனீர்கள் என்று கேட்டேன். அடுத்த விடுமுறைக்குள் ஆட்களே தேடி வர ஆரம்பித்துவிட்டார்களாம். விமான நிலையம், கோர்ட்டு, காலேஜில் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள், ஊர் சுற்றுகிறவர்கள். "வயரை ஏன் கழட்டினீங்க?" என்றேன். "வேற யாரா இருந்தாலும் கழட்டியிருக்க மாட்டேன். உங்க அக்கா சாவியைக் குடுக்கறப்பவும் மீட்டரைப் பார்ப்பாங்க, வாங்கறப்பவும் பார்ப்பாங்க" என்றார். அந்தப் பணத்தில்தான் இந்த ஊரில் இந்தச் சொந்தப் பட்டறையை எடுத்திருக்கிறார். சேமிப்பு என்று என்னிடம் சொன்னார். நானும் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

நான் கத்தவில்லை அக்கா. ஒன்றே ஒன்று கேட்டேன். "அப்போ என் அக்கா மீட்டரைத் திருப்பிட்டான்னு என்னை நினைக்க விட்டீங்களே, அது?" அதற்கு அவர் சொன்னது: "அந்த வண்டி எப்படி ஓடியிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். லாரி ரோட்டுல நீ அதை ஓட்டறதை என்னால நினைச்சே பார்க்க முடியல. உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்ல. உங்க அக்கா தாங்குவாங்கன்னு விட்டுட்டேன்."

நீ தாங்குவாயாம்.

இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா? அவர் பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். டெஸ்ட் பார்க்க ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு போனால் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று மாடியிலிருந்து பார்க்கிறேன். சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் துழாவுகிறேன். உன்னை மாதிரியே ஆகிவிட்டேன். இதை எப்படித் தாங்குகிறாய் நீ? ஒரு நாள் முழுக்க இப்படி இருந்தாலே எனக்குத் தலை வலிக்கிறது.

உன்னை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். வரட்டுமா? அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். இனி நான் இவரை நம்பலாமா? நீ வேண்டாம் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

உன்னைத் திருடி என்று நினைத்ததற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

தங்கச்சி


ஜூன் 30

தங்கச்சிக்கு,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். கிடைத்த தகவலை வைத்து நீ சந்தேகப்பட்டாய். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் உண்மையைக் கண்டுபிடித்தது கடைக்காரர் காட்டிய வயரால் இல்லை, பின்சீட்டாலும் இல்லை. அதில் எனக்குச் சந்தேகம் மட்டும்தான் வந்தது. "சும்மா கொடுத்தால்கூட ஏறக் கூடாது" என்று அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டதாக எழுதினாயே, அங்கேதான் உறுதியானது. மீட்டரைத் திருப்பிய வண்டியை யாரும் விலைக்கு வேண்டாம் என்பார்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறவருக்கு அந்த வண்டியைப் பற்றி வேறு ஏதோ தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன். எனக்கு வராத வேலை அது. நீ ஒரே பார்வையில் பிடித்துவிட்டாய்.

இவரை நம்பலாமா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. மழுப்பவில்லை, நிஜமாகவே தெரியாது. உன்னை ஆபத்தில் விடக் கூடாது என்று நினைத்த மனிதரும் என்னைத் திருடியாக்கி விட்டு சும்மா இருந்த மனிதரும் ஒரே ஆள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கச் சொல்லி அவர் உன்னிடம் வரலாம், நீயும் கழித்துவிடலாம். என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. இத்தனை வருடம் அந்த நாலு டயரை நினைத்து, இவரைப் பட்டறை வரை போய் விசாரித்தோமே என்று வெட்கப்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் சந்தேகப்படாமல் இருந்தது இவர் ஒருத்தரைத்தான்.

வந்தால் வரட்டும். நாளைக்குக் கடைக்காரர் காரை எடுத்துப்போக வருகிறார். அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தோராயிரம் என்று சொன்னால் பொய். ஒன்றரை லட்சம் என்றால் என் கண் பார்க்காதது. நாளைக்கு முடித்துவிட்டு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.


ஜூலை 1, சாயங்காலம்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் ஜன்னலைத் திறந்தபோது மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தோளில் கருவிப் பை. எவ்வளவு நேரமாக நின்றாரோ, மணியை அடிக்கவில்லை. "வாங்க" என்றேன். உள்ளே வந்தவர் வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் காரிடம் போனார்.

"அண்ணி, யார் வாங்கினாலும் சரி, இந்த பிரேக்கோட இதைக் குடுக்கக் கூடாது. மூணு வருஷமா நீங்க இதை ஓட்டிட்டுப் போறதை நினைச்சு..." முடிக்கவில்லை. ஜாக்கியை வைத்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். என்ன கழற்றுகிறார், என்ன மாட்டுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றாகக் காட்டினார். பழைய பிரேக் கட்டையை என் கையில் கொடுத்தார். பிஸ்கட் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

கடைக்காரர் வந்தபோது மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் இருந்தார். வெளியே வந்து, துடைத்துக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னார்: "இந்த வண்டி ஒரு லட்சத்து எழுபதாயிரம் ஓடியிருக்கும். வயரைக் கழட்டிட்டு ஓட்டினது நான். இவங்களுக்குத் தெரியாது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இவங்க தங்கச்சி வீட்டுக்காரன்."

"இந்தத் தொழில்ல இருபது வருஷம் இருக்கேன். கிலோமீட்டரைக் கூட்டிச் சொல்லி வித்தவனை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அதோட விக்கற வண்டிக்குப் புது பிரேக் வேற." காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தரையில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வேற ஏதோ பெருசா மறைக்கறீங்க. விபத்தா? தண்ணியில மூழ்கின வண்டியா? உண்மையைச் சொல்லுங்க."

"சொல்லியாச்சு" என்றேன்.

"அதான் பயமா இருக்கு மேடம்." போன தடவை சொன்ன விலையிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்தார். உண்மையைச் சொல்லாமல் இருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். மாப்பிள்ளை பேரம் பேச வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டேன். வண்டி தெருமுனை திரும்பியது. கடைக்காரர் அங்கேயே இரண்டு முறை பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அப்புறம் மாப்பிள்ளையைக் கூடத்தில் உட்கார வைத்து, எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்டேன். தப்பிக்கப் பார்க்கவில்லை, சொன்னார். ஒரு கிழவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, அவள் திரும்பி வந்தபோதும் கூட்டிவந்தது. கணவன் மனைவி விவாகரத்துக்கு ஒரே வண்டியில் வந்து, போகும்போது ஒருத்தர் மட்டும் ஏறியது. மலைப்பாதையில் இன்ஜின் சூடாகி ராத்திரி முழுக்க நின்றது. கடற்கரைக்கு நாலு முறை. நான் கடலைப் பார்த்தது இரண்டு முறை. மூன்று மணி நேரம் பேசினார். சொன்னதில் இரண்டு இடத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கேட்டேன். தப்பாகச் சொன்னதைத் திருத்திச் சொன்னார்.

பணம் தருகிறேன், மாதம் மாதம் என்றார். அதை உன்னிடம் பேசச் சொன்னேன். அந்தப் பட்டறை உன் பெயருக்கு வர வேண்டும் என்றும் சொன்னேன். தலையாட்டினார். எழுதிக் கொடுத்த பிறகு நம்புகிறேன் என்றேன்.

புது வண்டி வாங்கப் போகிற அன்று எனக்குச் சொல். நானும் வருகிறேன். அவர் வாங்கிக் கொடுக்கிற வண்டி என்பதற்காக நான் பானெட்டைத் திறக்காமல் இருக்க மாட்டேன்.

கிளம்பும்போது வாசல்படியில் நின்றுகொண்டு, செருப்பைத் தேடுகிற மாதிரி கீழேயே பார்த்துக்கொண்டு கேட்டார்: "இனிமே என்னை நம்புவீங்களா அண்ணி?"

"இல்ல" என்றேன். "சாப்பிட்டுட்டுப் போங்க."

திரும்பி உள்ளே வந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு வேண்டும் என்றார், நகர்த்தி வைத்தேன். மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார். இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார்.

அக்கா